முன்சக்கரங்கள் சுற்றின

அந்தப் பட்டறையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனை எல்லோரும் மூத்தவர் என்பார்கள், தம்பியை முதலாளி என்பார்கள். இந்த இரண்டு பெயரைச் சொன்னாலே பாதிக் கதை தெரிந்துவிடும். வண்டிக்கு அடியில் படுக்கிறவர் மூத்தவர். வண்டிக்காரர்களிடம் சிரிக்கிறவன் முதலாளி. இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் பட்டறை ஓடாது. ஆனால் அதை வெளியே சொல்லிக்கொள்ளும் வாய் தம்பிக்குத்தான் இருந்தது. மூத்தவர் வாயில் எப்போது பார்த்தாலும் ஒரு ஸ்க்ரூ இருக்கும்.

அன்று காலை ஒரு ஜீப்பைக் கட்டி இழுத்து வந்து பட்டறை நடுவில் விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பக்கக் கதவு நசுங்கியிருந்தது. பக்கவாட்டு முழுக்கக் காய்ந்த களிமண். மலைமேல் நிற்கிற செல்போன் டவர்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் வண்டி அது. அந்தக் கம்பெனியின் வண்டிகள் அத்தனைக்கும் இந்தப் பட்டறைதான் ஆஸ்பத்திரி. ஜீப்பை ஓட்டியவன் மூத்தவரின் மச்சினன், அவர் மனைவிக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு அரைக்கால் சட்டை வயதிலேயே அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். மூத்தவருக்குப் பிள்ளை கிடையாது. இவன்தான் பிள்ளை என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை.

நடந்தது இதுதான். மழை விட்ட மறுநாள், கம்பெனியின் இன்ஜினியர் அம்மா ஒருவரை ஏற்றிக்கொண்டு மச்சினன் மலைக்குப் போயிருக்கிறான். களிமண் ஏற்றத்தில் பாதி ஏறியதும் வண்டி திணறி, பின்னால் வழுக்கி, ஓரத்துப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. மச்சினனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவன் செய்த இரண்டாவது குற்றம்.

முதல் குற்றம் என்னவென்றால், நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்காமல் ஏறினான் என்பது. சாதாரணமாக அந்த ஜீப்பைப் பின்சக்கரங்கள் மட்டும்தான் தள்ளும். சேறு, மணல், ஏற்றம் என்று வந்தால் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருப்ப வேண்டும்; முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இழுக்க ஆரம்பித்தால் டேஷ்போர்டில் ஒரு பச்சை விளக்கு எரியும். “குமிழைத் திருப்பினேன், விளக்கு எரிஞ்சது, ஆனா முன்சக்கரம் இழுக்கல” என்று மச்சினன் அன்றிலிருந்து ஒரே பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தான். விளக்கு எரிந்தால் சக்கரம் இழுத்தாக வேண்டும், சக்கரம் இழுக்கவில்லை என்றால் விளக்கு எரிந்திருக்காது, ஆகவே டிரைவர் புளுகுகிறான் என்று கம்பெனி முடிவு கட்டியிருந்தது. விளக்குக்கு வாய் இல்லை அல்லவா, அது எப்படிப் பொய் சொல்லும்?

இருந்தாலும் கம்பெனிக்கும் ஒரு நியாயம் தர்மம் உண்டு. வண்டியைப் பட்டறையில் சோதித்துப் பார்ப்பது, பிற்பகலில் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பது என்று ஏற்பாடு. நாலு சக்கரமும் சுற்றினால் மச்சினன் வேலை போய்விடும். வேலை மட்டுமல்ல, கவனமில்லாமல் ஓட்டி ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளியவன் என்ற பெயரோடு போவான், அப்புறம் எவனும் அவன் கையில் சாவி கொடுக்கமாட்டான். வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் தெரியாது. சக்கரம் சுற்றாவிட்டால் அவன் தப்பித்தான். ஆனால் அந்த வண்டிக்கு இதுவரை வேலை பார்த்த பட்டறையிலேயே சோதனை. திருடன் கையில் சாவி கொடுத்த கதை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, மூத்தவருக்கும்தான்.

மூத்தவர் மனதுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது, அது தம்பிமேல் இல்லை, மச்சினன்மேல். பையன் நல்லவன், ஆனால் மறதிக்காரன். ஒருமுறை ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே ஊர் எல்லை வரை ஓட்டிப் போய், எஞ்சினில் இழுவை இல்லை என்று இவரிடமே புகார் கொண்டுவந்தவன். இன்னொரு முறை பானட்மேல் வைத்த டீ கிளாஸோடு கிளம்பி, கிளாஸ் போன இடம் தெரியாமல் டீக்கடைக்காரனிடம் வசவு வாங்கினவன். காலையில் வீட்டில் கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று சொன்னாள்.

“அவன் பொய் சொல்லமாட்டான்.”

“பொய்யின்னு நான் சொல்லலையே.”

“நீங்க ஒண்ணுமே சொல்லல. அதைத்தான் சொல்றேன்.”

மூத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

பட்டறையில் தம்பி சட்டைப்பை நிறைய பேனாவோடு நின்றுகொண்டிருந்தான். மற்ற ஆட்களைக் காலையிலேயே எங்கேயோ நின்றுபோன லாரியைப் பார்க்க அனுப்பியிருந்தான். “அண்ணே, பெருசா எதையும் பிரிக்காதீங்க. குமிழைத் திருப்புங்க, விளக்கு எரியுதான்னு பாருங்க, விட்டுடுங்க. நான் ஸ்பேர் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான். தெருமுனை வரை போய்த் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனான்.

மூத்தவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து குமிழைத் திருப்பினார். வண்டித் தரைக்கு அடியில் மோட்டார் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டது. பச்சை விளக்கு எரிந்தது, அழகாக, நின்று நிதானமாக. பையன் மறந்துதான் போயிருக்கிறான்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே இறங்கியிருப்பார்கள். இவருக்கு அது முடியாது. விளக்கு என்பது வண்டிக்காரன் பார்ப்பதற்கு, மெக்கானிக் பார்ப்பதற்கு இல்லை என்பது அவர் கட்சி. ஜாக்கி வைத்து நாலு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்தார். எஞ்சினைக் கிளப்பி, கியரில் போட்டு, மெதுவாக ஓடவிட்டுவிட்டுக் கீழே இறங்கிக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பின்சக்கரங்கள் சுற்றின. முன்பக்கம் போகிற இரும்புத் தண்டும் சுற்றியது. முன்சக்கரங்கள் இரண்டும் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன.

மூத்தவர் எழுந்துபோய் டேஷ்போர்டைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

எஞ்சினை நிறுத்தினார். தண்டு சுற்றுகிறது என்றால் மோட்டார் சரி, கியர் பெட்டி சரி, அதற்கு முன்னால் உள்ள ஃபியூஸ், குமிழ் எல்லாம் சரி. கோளாறு முன் அச்சில்தான். அந்த ஜாதி வண்டியில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசைதான் அங்கே வேலை செய்யும். மெல்லிய ரப்பர் குழாய் வழியாக அந்த உறிஞ்சல் முன் அச்சுக்கு வந்து, உள்ளே ஒரு வளையத்தை இழுத்து, அச்சையும் சக்கரத்தையும் கோத்துவிடும். கோக்காத வரை விளக்கு கண்சிமிட்டும். கோத்த பிறகுதான் நின்று எரியும். எஞ்சினை மறுபடி கிளப்பி, அச்சுப் பக்கம் குழாயின் முனையைக் கழற்றிக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். குழந்தை வாயில் விரல் வைத்த மாதிரி இழுக்க வேண்டும். ஒன்றுமே இல்லை, செத்த பாம்பு.

குழாயைப் பிடித்துக்கொண்டே போனார். பேட்டரி தட்டுக்கு அடியில், கை எளிதில் போகாத இடத்தில், குழாய் விரிந்து கிழிந்திருந்தது. கிழிசலுக்கு இந்தப் பக்கம், எஞ்சினிலிருந்து வரும் பாதியில், ஒரு ஸ்க்ரூவைத் திணித்து அடைத்திருந்தார்கள். அடைத்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். ஸ்க்ரூவின் தலை துரு ஏறியிருந்தது. அப்படியானால் விளக்கு கண்சிமிட்ட வேண்டுமே? முன் அச்சின் மேலே, வளையம் கோத்ததா இல்லையா என்று விளக்குக்குச் சேதி சொல்கிற சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதற்குப் போகிற இரண்டு ஒயர்களையும் சுவிட்சிலிருந்து வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தது. இனி அந்தச் சக்கரம் கழன்றே விழுந்தாலும் விளக்கு ‘எல்லாம் சரி’ என்றுதான் சொல்லும்.

டேப்பைப் பிரித்தார். முறுக்கு இடப்பக்கமாகப் போயிருந்தது. அந்தப் பட்டறையில் இடக்கைக்காரன் ஒருவன்தான்.

அப்போது அவர் செய்ய வேண்டியது என்ன என்று இப்போது தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு வண்டி பக்கத்தில் உட்கார்ந்து, அதிகாரி வரும் வரை ஈகூட அதைத் தொடாமல் காவல் காத்திருக்க வேண்டும். மூத்தவர் அப்படிச் செய்யவில்லை. வாழ்நாள் முழுக்கக் கோளாறைக் கண்டுபிடிப்பதும் அதைச் சரிசெய்வதும் அவருக்கு ஒரே வேலையாகத்தான் இருந்திருக்கிறது, நடுவில் மூச்சு விடுகிற இடம் இருந்ததில்லை. நெஞ்செல்லாம் சந்தோஷம் வேறு. பையன் நிஜத்தைத்தான் சொன்னான், பையன் நிஜத்தைத்தான் சொன்னான் என்று மனம் கும்மியடித்துக்கொண்டிருக்க, கைகள் அலமாரியிலிருந்து புதுக் குழாயை எடுத்து அளந்து வெட்டின. ஸ்க்ரூவைப் பிடுங்கிப் போட்டன. கிழிந்த குழாயை உருவின. முறுக்கைப் பிரித்து, ஒயர்களைச் சீவி, சுவிட்சில் முறையாகப் பற்றவைத்தன. வாயில் ஒரு ஸ்க்ரூ, அதற்கு மேல் சிரிப்பு.

எஞ்சினைக் கிளப்பிக் குமிழைத் திருப்பினார். விளக்கு நியாயமாகக் கொஞ்சம் கண்சிமிட்டியது, பிறகு நின்று எரிந்தது. நாலு சக்கரமும் சுற்றின. நன்றாகச் செய்த வேலையைப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைப்பதைப் பார்ப்பதுபோல மூத்தவர் அந்த முன்சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவிக்குச் சொல்லவேண்டும் என்று எண்ணெய்க் கையோடு போனை எடுத்தார்.

ஸ்கூட்டர் வந்து நின்றது. தம்பி இறங்காமலே கேட்டான்.

“நாலும் சுத்துதா அண்ணே?”

“சுத்துது. இப்பத்தான் சுத்துது. என்னடா செஞ்சு வெச்சிருந்தே இதுல?”

தம்பி ஒளிக்கவில்லை. அவனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மாட்டிக்கொண்டால் நேராகப் பேசுவான். “நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்ப வந்துச்சு. பிரேக் கல்லு மாதிரி இருக்குன்னாங்க. அந்தக் குழாய் கிழிஞ்சு காத்து போய்ட்டிருந்துச்சு, பிரேக்குக்கும் அதே உறிஞ்சல்தானே, அதனாலதான் அதுக்கு விசை பத்தல. புதுக் குழாய் கையில இல்ல. அடைச்சேன், பிரேக் சரியாச்சு. அப்புறம் பாத்தா இந்த விளக்கு சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் வண்டி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்னு விட்டேன்.”

“அடுத்த சர்வீஸ்ல பாத்தியா?”

“மறந்துட்டேன்.” தம்பி ஸ்கூட்டரை நிறுத்தி ஸ்டாண்டு போட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மூத்தவர் தோளில் கைவைத்தான். “நல்ல வேளை அண்ணே, நீங்களே பாத்துச் சரி பண்ணிட்டீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா சோறு இறங்கல எனக்கு. நீங்க கேக்காமலே செஞ்சிட்டீங்க.”

மூத்தவர் அப்போதுதான் திரும்பி ஜீப்பைப் பார்த்தார். புதுக் குழாய் கருப்பாக மினுங்கியது. பற்றவைத்த ஒயர் ஒழுங்காக, கம்பெனியிலிருந்து வந்ததுபோல இருந்தது. மச்சினனைக் காப்பாற்ற உலகத்தில் இருந்த ஒரே சாட்சியை அவர் தன் கையாலேயே கழற்றித் தரையில் போட்டிருந்தார். பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்தார்.

“நான் அந்த ஆளுகிட்ட சொல்லத்தான் போறேன்.”

“சொல்லுங்க. வேணாம்னு சொல்ல நான் யாரு? என்னத்தைக் காட்டுவீங்க?” தம்பி குரலை உயர்த்தவில்லை. “கம்பெனி வேலை போச்சுன்னா பட்டறைய மூட வேண்டியதுதான். என் புள்ளைங்களை விடுங்க, நீங்க எங்க போவீங்க இந்த வயசுல? மச்சானுக்கு வேலை நான் பாத்துத் தரேன். பட்டறையிலேயே இருக்கட்டும். வண்டி கழுவட்டும், சாமான் வாங்கிட்டு வரட்டும். யாரு வேணாங்கறா?”

அவன் உள்ளே போய் மேசையைத் துடைக்க ஆரம்பித்தான். மூத்தவர் தரையைத் துழாவிக் கிழிந்த குழாயையும் துருப்பிடித்த ஸ்க்ரூவையும் எடுத்தார். இன்னும் நேரம் இருந்தது. புதுக் குழாயை உருவிவிட்டு இதைப் பழையபடி மாட்டிவிட்டால்? ஒயரை மறுபடி வெட்டி முறுக்கிவிட்டால்? ஜீப்புக்கு அடியில் நுழைந்தார். புதுக் குழாயின் முனையைக் கழற்றினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ‘உஸ்’ என்று காற்று இழுத்தது. ஒயர் வெட்டும் குறடை எடுத்து ஒயர்மேல் வைத்தார்.

முடியவில்லை. இடப்பக்கமாக முறுக்குவது எப்படி என்று யோசித்தார். அப்படி யோசிக்கும்போதே, இது இப்போது நான் செய்கிற பொய் அல்லவா என்று தோன்றியது. நாளைக்கு இதே வண்டியில் இன்னொருவன் மலை ஏறுவான், அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே என்றும் தோன்றியது. இதெல்லாம் நல்ல நியாயங்கள்தான். நியாயத்துக்கு என்ன குறைச்சல், கை ஓய்ந்த இடத்தில் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். உண்மை அவ்வளவு பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடுகிற வண்டியைக் கெடுக்க அவர் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். கழற்றிய குழாயை மறுபடி மாட்டிவிட்டு வெளியே வந்தபோது வாசலில் கார் நின்றது.

அதிகாரி இஸ்திரி கலையாத சட்டையோடு இறங்கினார். பின்னால் மச்சினன் இறங்கினான். முகம் மழித்து, நல்ல சட்டை போட்டிருந்தான். அக்கா போடச் சொல்லியிருப்பாள். மூத்தவரைப் பார்த்ததும் அவன் கண்ணில் ஒரு தைரியம் வந்தது. மாமா கைக்கு வண்டி வந்துவிட்டது, இனி உண்மை வெளியே வந்துவிடும் என்கிற தைரியம். மூத்தவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

தம்பி குமிழைத் திருப்பினான். விளக்கு எரிந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். நாலு சக்கரமும் வெட்கமில்லாமல் சுற்றின. மச்சினன் கொஞ்சம் முன்னால் வந்து, முன்சக்கரத்தைப் பார்த்து, விளக்கைப் பார்த்து, மறுபடி சக்கரத்தைப் பார்த்தான்.

“சார்,” என்றார் மூத்தவர். வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “காலையில இது சுத்தல. நான்தான் சரி பண்ணினேன்.”

அதிகாரி நிமிர்ந்தார். “சரி பண்ணச் சொல்லி யார் சொன்னது? பார்க்கத்தானே சொன்னோம்?”

“யாரும் சொல்லல. கண்ணுல பட்டுச்சு, பண்ணிட்டேன்.” அவர் கிழிந்த குழாயையும் ஸ்க்ரூவையும் நீட்டினார். “இது உள்ள இருந்துச்சு. இதை வெச்சு அடைச்சிருந்தாங்க. விளக்குக்குப் போற ஒயரை முறுக்கி விட்டிருந்தாங்க.”

“யாரு?”

மூத்தவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான், பணிவாக. “எங்க பட்டறைலதான்” என்றார் மூத்தவர்.

அதிகாரி குழாயை விரலால் தொடாமல் பார்த்தார். “வண்டி சாய்ஞ்சப்ப கிழிஞ்சிருக்கலாம். ஸ்க்ரூ உங்க பட்டறை தரை முழுக்கக் கிடக்குது.” பிறகு கொஞ்சம் யோசித்துக் கேட்டார். “டிரைவர் உங்களுக்கு என்ன உறவு?”

“என் சம்சாரத்தோட தம்பி.”

“ம்,” என்றார் அதிகாரி. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

தம்பி மெல்லிய குரலில் பேசினான். “சார், அண்ணன் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. அவன் இவரு வளர்த்த புள்ள. பட்டறைமேலயே பழியைப் போட்டாவது காப்பாத்தணும்னு நினைக்கிறாரு. பெத்த மனசுன்னா அப்படித்தான். நான் கோவிச்சுக்கல.” அவன் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பெரிய காரியமில்லை. மறைத்துவிட்டு அந்தச் சோற்றையே பாசத்தோடு பரிமாறுவதற்குத்தான் திறமை வேண்டும்.

“பொய் சொல்றான் சார்,” என்றார் மூத்தவர். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஆயுசுக்கும் பேசாமல் இருந்துவிட்டு ஒரு நாள் பேசினால் நாக்கு எப்படி வளையும்? அதிகாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மச்சினன் பக்கம் திரும்பினார்.

“நீ என்னப்பா சொல்றே?”

மச்சினன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான் திருப்பினேன்னுதான் சார் நினைச்சேன்” என்றான்.

நினைச்சேன் என்கிற வார்த்தை அன்றுதான் முதல்முதலாக அவன் வாயில் வந்தது. அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது.

சாயங்காலம் மூத்தவர் வீட்டுக்கு வந்தபோது மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மச்சினன் கட்டிலில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழம்.

“எங்க கிளம்பிட்டே?” என்றார்.

“ஆஸ்பத்திரிக்கு மாமா. அந்த அம்மாவைப் பாத்து மன்னிப்பு கேக்கணும். இத்தனை நாளா என் மேல தப்பில்ல, தப்பில்லன்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சேன். போய் ஒரு வார்த்தைகூடக் கேக்கல.”

“மாப்ள, உன் மேல தப்பு இல்லடா. நீ திருப்பினே. வண்டிதான் புடிக்கல. அந்தக் குழாய் கிழிஞ்சிருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்.”

மச்சினன் சிரித்தான். அவ்வளவு நாளில் முதல் சிரிப்பு. “மாமா, போதும். எனக்காக நீங்க அந்த ஆளு முன்னாடி பொய் சொன்னீங்களே, அதுவே எனக்குத் தாங்கல. உங்க வாயில பொய்யே வந்ததில்ல. தம்பியைக் காட்டிக் குடுத்து, பட்டறையக் காட்டிக் குடுத்து... யாரு செய்வா இப்படி?”

“பொய் இல்லடா.”

“சரி மாமா. எனக்கே இப்ப ஞாபகம் வருது. அந்த அம்மா ஏதோ பேசிட்டே வந்தாங்க. நான் குமிழ்கிட்ட கையைக் கொண்டு போனேன். திருப்பினேனா, திருப்பப் போனேனா, அதுதான் தெரியல.” அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். “ஹேண்ட் பிரேக்கையே மறக்கிறவன்தானே நான்.”

அவன் படி இறங்கிப் போனான். மனைவி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் மூத்தவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“அவன் உங்களை நம்பல,” என்றாள். “நான் நம்புறேன். குழாய் கிழிஞ்சுதான் இருந்திருக்கும். உங்க தம்பிதான் செஞ்சிருப்பான்.”

மூத்தவர் தலையை ஆட்டினார்.

“நம்புறதாலதான் கேக்கறேன். அதை ஏன் தொட்டீங்க?”

“கோளாறு கண்ணுல பட்டுச்சு. கை சும்மா இருக்கல.”

“இத்தனை வருஷமா உங்க தம்பி செய்யறது எல்லாம் கண்ணுல படத்தானே செஞ்சுது,” என்றாள் அவள். “அப்பல்லாம் கை சும்மாதானே இருந்துச்சு.”

தெரிந்து செய்தேனா தெரியாமல் செய்தேனா என்று அவரே தன்னை மத்தியானத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தெரியாமல்தான் என்று சொல்லிப் பார்த்தார். ஆனால் ஒயரில் இடப்பக்க முறுக்கைப் பார்த்த பிறகுதானே புதுக் குழாயை எடுக்க எழுந்தோம் என்பது நடுவில் வந்து நின்றது. அதை மனைவியிடம் சொல்லவில்லை.

“போய் அவனையாவது நிறுத்துங்க,” என்றாள் மனைவி. “செய்யாத தப்புக்குப் போய் அந்தப் பொண்ணு கால்ல விழப்போறான். அங்க போய் விழுந்துட்டா அப்புறம் அதுதான் நடந்ததுன்னு ஆயிடும்.”

மூத்தவர் செருப்புகூட மாட்டாமல் ஓடினார். பஸ் நிறுத்தத்தில் மச்சினன் பழப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான், வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பையைப் பிடிக்கிற மாதிரி. மூத்தவர் மூச்சிரைக்க அவன் கையைப் பிடித்தார். குழாய் எந்த இடத்தில் கிழிந்திருந்தது, ஸ்க்ரூ எவ்வளவு துருப்பிடித்திருந்தது, ஒயர் எந்தப் பக்கம் முறுக்கியிருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தம்பி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதையும் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சினன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். அவர் பாதத்தைப் பார்த்து, “செருப்பில்லாம வந்திருக்கீங்க” என்றான்.

“நம்புடா மாப்ள.”

“நம்புறேன் மாமா,” என்றான் அவன், காய்ச்சல்காரனுக்குச் சொல்வதுபோல. அவர் கையைத் தன் கையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டான். பஸ் வந்து நின்றது. “நீங்க ரொம்ப நல்லவரு மாமா. வீட்டுக்குப் போங்க, அக்கா தனியா இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.